பன்னிரண்டரை மணி நேரம்

புளியங்குடியில் ஒரு வைகாசி மாதத்துப் பகல் ஒன்றரை மணிக்கு சங்கரநயினார் தன் வீட்டைப் பெருக்கினார், அந்த நிமிஷத்தோடு அவர் மனைவி ஆவுடையம்மாள் ஏறிப்போன விமானம் ருஷ்யாவின் பனிக்காட்டுக்கு மேலே, அவள் ஒருத்திக்கு மட்டும், மேற்கொண்டு தூரம் குறையாமல் நின்றுபோயிற்று. மற்றவர்களுக்கு அது பறந்தது. அவர்கள் குறித்த நேரத்தில் போய் இறங்கி, பெட்டியை எடுத்துக்கொண்டு, அவரவர் வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டார்கள். ஆவுடையம்மாளுக்கு முன்னாலிருந்த சின்னத் திரையில் மட்டும் 'சேருமிடத்துக்கு இன்னும் 12 மணி 30 நிமிடம்' என்று போட்டது போட்டபடி இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், சங்கரநயினார் பஸ் ஸ்டாண்டில் முப்பத்தொரு வருஷம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்து எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் போனது என்று நோட்டில் எழுதுவதுதான் வேலை. அந்த நோட்டில் ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. ஒருமுறை ராஜபாளையம் வண்டி ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தபோதே அதன் கண்டக்டர் முன்னால் ஓடிவந்து, வண்டி வந்துவிட்டதாக எழுதச் சொல்லிக் கெஞ்சினார். வராத வண்டியை வந்ததாக எழுதுகிறவன் கையில் பேனா இருக்கக் கூடாது என்று சொல்லி, சங்கரநயினார் அந்த ஆள் மேல் புகார் எழுதிப் பதினைந்து நாள் சஸ்பென்ஷன் வாங்கிக் கொடுத்தார். ஊரில் அவரைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொண்டவர்கள் உண்டு.

ஆவுடையம்மாள் போனது மகள் பூங்கனியின் தலைப்பிரசவத்துக்கு. பூங்கனி லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்தாள். திருவனந்தபுரத்தில் ஏறி, துபாயில் இறங்கி, அங்கே ஒரு ராத்திரியை நாற்காலியில் கழித்துவிட்டு, மறுநாள் காலை எட்டரை மணி விமானத்தில் ஏறினால் அது ஒரே மூச்சில் கொண்டுபோய் லாஸ் ஏஞ்சல்ஸில் விட்டுவிடும். அவள் மூட்டை கட்டிக் கிளம்பிய நாளில் வீடு முழுக்க மிளகாய்ப் பொடியும் சணல் துண்டும் காகிதக் கிழிசலுமாகக் கிடந்தது. வாசலில் கார் நிற்கும்போது ஆவுடையம்மாள் புருஷனை உள்ளே கூப்பிட்டு, "நான் போய்ச் சேந்தேன்னு என் வாயால சொல்லுத வரைக்கும் கதவுக்குப் பொறத்த இருக்க வாரியலைத் தொட்டுராதீங்க" என்றாள். அந்தப் பக்கத்தில் அது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். பிணத்தை எடுத்துப் போனால்தான் வாசல் தாண்டிய கையோடு வீட்டைப் பெருக்கிக் கழுவி விடுவார்கள். உயிரோடு போகிறவர் போய்ச் சேருகிற வரைக்கும் வாரியல் கதவுக்குப் பின்னால் சும்மா நிற்க வேண்டும். சங்கரநயினார், கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷத்தில் நான் எப்போது வாரியலைத் தொட்டேன், இப்போது தொட, என்றார்.

ஆனால் தொட்டார். அதுதான் மனித குணம். அவள் இல்லாத வீட்டில் காலையில் தனியாகக் காபி போட்டுக் குடித்துவிட்டு, அவள் திரும்பி வருவதற்குள் தானும் நாலு வேலை செய்யத் தெரிந்தவன் என்று காட்டிவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு ஆசை வந்துவிட்டது. டிக்கெட் நகலை எடுத்துப் பார்த்தார். புறப்பாடு 8.30. வருகை 1.30. பஸ் கணக்குப் படித்த மனசு, ஒன்றரையிலிருந்து எட்டரையைக் கழித்து, ஐந்து மணி நேரம் என்று சொல்லிவிட்டது. மெட்ராஸ் போகவே பத்து மணி நேரம் ஆகிற ஊரில் இருந்துகொண்டு, அமெரிக்காவுக்கு ஐந்து மணி நேரம் எப்படி என்று அவருக்கும் லேசாக உறுத்தத்தான் செய்தது. மேலே ரயில்வே கேட் கிடையாது, ஸ்டாப்பிங் கிடையாது, டீ குடிக்க இறங்குகிற டிரைவர் கிடையாது, போகத்தானே செய்யும் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டார். சுவர்க் கடிகாரம் ஒன்றரை காட்டியதும் வாரியலை எடுத்து, உள்ளறையிலிருந்து வாசல் வரைக்கும், மூலைகளை மட்டும் விட்டுவிட்டு, பெருக்கித் தள்ளினார்.

தள்ளிவிட்டு, ஒரு கையில் வாரியலோடு மகளுக்குப் போன் போட்டு, அம்மா இறங்கியாச்சா என்று கேட்டார். நிறைமாதக்காரி தூக்கக் கலக்கத்தில் சொன்னாள்: "அப்பா, இங்க இப்ப நடுராத்திரி ஒண்ணு. டிக்கெட்ல போட்டிருக்கது இந்த ஊர் மத்தியானம் ஒன்றரை. அம்மா வர இன்னும் பன்னெண்டரை மணி நேரம் கெடக்கு." துபாய்க்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் பதின்மூவாயிரத்து நானூறு கிலோமீட்டர், பறக்கிற நேரம் மட்டும் பதினாறு மணி என்றும் சொன்னாள். சங்கரநயினார் வாசலைப் பார்த்தார். குப்பை தெருவுக்குப் போயிருந்தது, அதைக் காற்றும் கொண்டுபோயிருந்தது. அவர் வாரியலைக் கதவுக்குப் பின்னால் பழைய இடத்திலேயே வைத்துவிட்டு, யாரும் பார்த்தார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் பூங்கனி அழுதுகொண்டே கூப்பிட்டாள். விமானம் இறங்கிவிட்டது, அம்மாவின் இரண்டு பெட்டியும் வந்துவிட்டன, அம்மா வரவில்லை. நாற்பத்து மூன்றாவது வரிசை ஜன்னலோர சீட்டில் மடித்து வைத்த போர்வை ஒன்றுதான் இருந்ததாம், அதில் தேங்காய் எண்ணெய் வாசமாம். அன்று பகல் ஒன்றரை மணிக்கு ஆவுடையம்மாளே விமானத்திலிருந்து போன் செய்தாள். நேற்றிலிருந்து இன்னும் பன்னிரண்டரை மணி நேரம் என்றே போட்டிருக்கிறது, பக்கத்து சீட்டில் ஆள் மாறிவிட்டார், ஜன்னலுக்கு வெளியே எப்போதும் ஒரே மத்தியான வெயிலும் வெள்ளைத் தரையுமாக இருக்கிறது, சாப்பாட்டில் உப்பில்லை என்றாள். அவள் குரலில் பதற்றம் இல்லை. கோவில்பட்டியில் பஸ் பஞ்சராகி நிற்கிறபோது சொல்கிற மாதிரித்தான் சொன்னாள்.

ஒரு வாரத்தில் எல்லோருக்கும் விவரம் பிடிபட்டுவிட்டது. தினமும் துபாயிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ஒரு விமானம் கிளம்புகிறது. அது எந்த விமானமாக இருந்தாலும், ருஷ்யாவுக்கு மேலே வந்ததும் நாற்பத்து மூன்றாவது வரிசையில் ஆவுடையம்மாள் உட்கார்ந்திருப்பாள், சக்கரம் தரையைத் தொடுகிறபோது இருக்க மாட்டாள். விமானக் கம்பெனிக்காரர்கள் இரண்டு மூன்று கடிதம் எழுதிப் பார்த்துவிட்டு, பயணி இன்னும் பயணத்தில் இருப்பதால் புகார் எதையும் ஏற்பதற்கில்லை என்று முடித்துக்கொண்டார்கள். மரியாதைக்கு அந்த ஒரு சீட்டை மட்டும் விற்காமல் விட்டார்கள். பணிப்பெண்கள் அவளுக்கு ஊறுகாய் பாட்டிலை வைக்க ஒரு இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள், அவள் அவர்களுக்குக் கால் வீக்கத்துக்கு எண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தாள். காது அடைத்து அழுகிற பிள்ளைகளை எந்த நாட்டுப் பிள்ளையானாலும் அவள் மடிக்கு அனுப்பிவிடுவது வழக்கமாகிப்போயிற்று.

ஊரும் சும்மா இருக்கவில்லை. கடையநல்லூர், சுரண்டை, சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து அமெரிக்கா போகிறவர்கள் எல்லாம் அந்த விமானத்திலேயே டிக்கெட் போட்டுக்கொண்டார்கள், போகும்போது புளியங்குடியில் இறங்கி ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார்கள். முறுக்கு போயிற்று, மாற்றுச் சேலை போயிற்று, ஐப்பசியில் அவளுக்கென்று தனியாக இரண்டு அதிரசம் போயிற்று. பஸ் ஸ்டாண்டில் இப்போதிருக்கும் டைம் கீப்பர் தன் பழைய அதிகாரிக்குச் செய்யும் மரியாதையாக, நேர அட்டவணைப் பலகையில் தென்காசி, சிவகிரி வண்டிகளுக்குக் கீழே, 'துபாய் - லாஸ் ஏஞ்சல்ஸ், இன்னும் 12.30' என்று சாக்பீஸால் எழுதி, மழையில் அழிந்தால் மறுபடி எழுதினார். பிளவுஸ் எப்போது கிடைக்கும் என்று கேட்டால் தையல்காரர் பன்னிரண்டரை மணி நேரத்தில் என்றார், கேட்டவளும் புரிந்துகொண்டு அடுத்த மாதம் வந்தாள். பகல் ஒன்றரை மணி ஆனால் தெருக்காரர்கள் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு சங்கரநயினார் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அவர் போனைச் சத்தமாக வைப்பார். ஆவுடையம்மாள் எல்லோரையும் பேர் சொல்லி விசாரிப்பாள்.

ஆனால் ஒரு காரியம் நடந்தால் அதற்கு யார் காரணம் என்று கண்டுபிடிக்காமல் ஊருக்குச் சோறு செரிக்காது. கண்டுபிடித்தார்கள். ஆவுடையம்மாளின் தங்கை பிச்சம்மாள் அதே தெருவில் நாலு வீடு தள்ளி இருந்தாள். புருஷனை இழந்தவள், ஒரே மகனை வளர்த்து ஆளாக்கினவள். அன்று கார் கிளம்புகிற நேரத்தில் அக்கா மறந்து வைத்துவிட்ட கண்ணாடிக் கூட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்து, "இத விட்டுட்டு எங்கக்கா போற?" என்று கேட்டுவிட்டாள். புறப்படுகிறவளை எங்கே போகிறாய் என்று கேட்கலாமா. நாலு பேர் காதால் கேட்டிருந்தார்கள். அவள் வாய்தான் விமானத்தை நிறுத்திவிட்டது என்று ஆயிற்று. பிச்சம்மாளும் அதை நம்பினாள். சங்கரன்கோவில் கோமதியம்மனுக்கு நேர்ந்துகொண்டு சோற்றில் உப்புச் சேர்ப்பதை விட்டாள். யார் வீட்டில் யார் ஊருக்குக் கிளம்பினாலும், முதலில் பிச்சம்மாள் வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். சாத்தியிராவிட்டால் அவளே எழுந்து போய்ச் சாத்திக்கொண்டாள்.

சங்கரநயினாருக்கு எல்லாம் தெரியும். வாயைத் திறக்கவில்லை. முப்பத்தொரு வருஷம் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினவருக்கு இந்த ஒன்றை மட்டும் சொல்ல வரவில்லை. போதாக்குறைக்கு, பயந்துபோய் அன்றைக்கு அப்புறம் அவர் வாரியலைத் தொடவே இல்லை, அதற்கு ஊர் அவரைப் புகழ்ந்தது. பொண்டாட்டி போய்ச் சேருகிற வரைக்கும் வீட்டைப் பெருக்க மாட்டேன் என்று இருக்கிறாரே, இப்படி ஒரு மனுஷன் உண்டா என்று பெண்கள் தங்கள் புருஷன்மாரிடம் அவரைச் சொல்லிக் காட்டினார்கள். வீட்டுக்குள் புழுதி கணுக்கால் அளவு ஏறியது. எறும்பு பீரோவுக்கு அடியில் புற்று வைத்தது. எப்போதோ சிந்திய எலுமிச்சை விதை ஒன்று நடுக்கூடத்துப் புழுதியில் முளைத்து நாலு இலை விட்டது. அவர் அந்தப் புழுதியில் தடம் போட்டு நடந்து, சோறு பொங்கித் தின்று, தன் புகழைத் தானே கேட்டுக்கொண்டு வெட்கப்பட்டு வாழ்ந்தார்.

பூங்கனிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பேத்தியின் முதல் அழுகையை ஆவுடையம்மாள் போனில் கேட்டாள். கைப்பையில் வைத்திருந்த பிரசவ லேகியத்தை, பக்கத்து சீட்டுக்கு வந்த சுரண்டைப் பெண் ஒருத்தியிடம் கொடுத்தனுப்பினாள், அது போய்ச் சேர்ந்தது. அவள் கொண்டுபோனதில் அவளைத் தவிர எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. பூங்கனியின் விசாக் காகிதம் ஏதோ ஒரு ஆபீஸில் கிடந்ததால், வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று அவள் துபாய்க்கு வந்து அந்த விமானத்தில் ஏற முடியவில்லை. சங்கரநயினார் ஏறலாம். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடச் சொல்லி எல்லோரும் சொன்னார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து பன்னிரண்டரை மணி நேரம் எப்படி வாயைப் பொத்திக்கொண்டிருப்பது என்று நினைத்து, அவர் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளினார். பேத்தி குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், பல் முளைத்தது, நடந்தாள். ஒருநாள் ஆவுடையம்மாள் போனில், "இங்க எல்லாப் பிள்ளையும் எங்கிட்டதான் வருது, எம்பேத்தியைத் தவிர" என்றாள்.

பதினாலு மாதம் கழிந்து அடுத்த வருஷத்து ஆடி வந்தது. ஆடிக் காற்று மேற்கு மலையிலிருந்து இறங்கித் தெருப் புழுதியை எல்லாம் வாரி வீடுகளுக்குள் கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாளில், பிச்சம்மாளின் மகன் வேல்ச்சாமி கத்தாருக்கு வேலைக்குக் கிளம்பினான். முதல் பயணம். பெட்டியைத் தூக்கிவிட சங்கரநயினார் போயிருந்தார். பகல் ஒரு மணிக்குக் கார் வந்து நின்றது. வேல்ச்சாமி காலில் விழுந்து கும்பிட அம்மாவைத் தேடினான். அடுக்களையில் இல்லை, மாடியில் இல்லை. நேரமாகிறது என்று டிரைவர் ஹாரன் அடித்தார். அம்மா கோயிலுக்குப் போயிருப்பாள் என்று யாரோ சொன்னார்கள். அவன் பெரியப்பா காலில் மட்டும் விழுந்து எழுந்து, வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஏறினான்.

மறந்துபோன தண்ணீர்ப் பாட்டிலை எடுக்கப் பின்கட்டுக்குப் போன சங்கரநயினார்தான் பார்த்தார். தொழுவத்தில், வைக்கோல் கட்டுக்குப் பின்னால், முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு பிச்சம்மாள் குத்தவைத்திருந்தாள். பெற்ற மகனை வழியனுப்பினால் தன் வாய் எங்கே போகிறாய் என்று கேட்டுவிடுமோ என்று, கண்ணில் தண்ணீர் ஓட ஓட, கார் போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் போய்விடுங்கள் என்று கையை ஆட்டினாள். சங்கரநயினார் தண்ணீர்ப் பாட்டிலைக் கீழே வைத்தார். அவள் கையைப் பிடித்து எழுப்பி, வா என்று தன் வீட்டுக்கு நடத்திக்கொண்டு போனார். வாசலில் வழக்கம்போலத் தெருவே கூடியிருந்தது. மணி ஒன்றரை. போன் அடித்தது. சத்தமாக வைத்தார்.

"ஆவுடை, நான் சொல்லுதத மொதல்ல கேளு" என்றார். "நீ போன மறுநா, நீ போய்ச் சேரதுக்கு முந்தியே நான் வீட்டைப் பெருக்கிட்டேன். கோமதியம்மன் மேல சத்தியமா, பிச்சம்மா கேட்டதுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது. வராத வண்டிய வந்துட்டுன்னு எழுதினது நாந்தான்."

போனுக்குள் விமானத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு ஆவுடையம்மாள், "நீங்களா?" என்றாள். "நீங்களா பெருக்குனீங்க?"

"ஆமா."

"வாரியல் எங்க இருக்குன்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நீதான கதவுக்குப் பொறத்த இருக்குன்னு அன்னைக்குச் சொன்ன."

அவள் சிரிக்கிறாளோ என்று எல்லோரும் நினைத்தார்கள். சிரிக்கவில்லை. "பதினாலு மாசம் எந்தங்கச்சி தலையில பழியத் தூக்கி வச்சிட்டு, ஒங்களுக்குச் சோறு எறங்கிச்சாக்கும்" என்றாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். புகழ்ந்த பெண்கள் எல்லாம் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களுடைய புருஷன்மார் வேறெங்கோ பார்த்தார்கள்.

பிச்சம்மாள் வாயிலிருந்த முந்தானையை எடுத்து இடுப்பில் செருகினாள். பிறகு பக்கத்தில் நின்ற ஒரு பெண்ணின் போனைக் கேட்டு வாங்கி, அவளையே நம்பர் போடச் சொன்னாள். கார் அப்போதுதான் ஊர் எல்லையைத் தாண்டியிருந்தது. வேல்ச்சாமி எடுத்தான்.

"எய்யா, அம்மை பேசுதேன்" என்றாள் பிச்சம்மாள். "எங்கய்யா போற?"

அவன் கத்தாருக்குப் போறேம்மா என்றான். எங்கே போற என்று மறுபடி கேட்டாள். கத்தாருக்கு என்று மறுபடி சொன்னான். பதினாலு மாதமாக யாரிடமும் கேட்காததை எல்லாம் சேர்த்து அவள் மகனிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள், அவனும் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருந்தான். வாசலில் இருந்த பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில், சங்கரநயினார் கையிலிருந்த போனிலிருந்து ஆவுடையம்மாள் கூப்பிடுவது கொஞ்சம் தாமதமாகத்தான் எல்லோருக்கும் கேட்டது.

"ஏங்க. இங்க பன்னெண்டு இருவத்தொம்பதுன்னு போடுது."

அன்று மிச்சமிருந்த பகலில் அந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் வாரியல் எடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுப் பலகையில் டைம் கீப்பர் மணிக்கொரு தரம் வந்து அழித்து எழுதினார். பதினொன்றரை, பத்தரை, ஒன்பதரை. பஸ் ஏற வந்தவர்கள் பஸ்ஸை விட்டுவிட்டு நின்று பார்த்தார்கள்.

மறுநாள் காலை, பால்காரர் மணியடிக்கிற ஐந்தரை மணிக்கு, பூங்கனி நம்பரிலிருந்து போன் வந்தது. பேசியது ஆவுடையம்மாள். விமான நிலைய அதிகாரிகள் ஒரு பயணத்துக்குப் பதினாலு மாதம் ஏன் என்று மூன்றரை மணி நேரம் நிற்க வைத்துக் கேட்டதாகவும், வழியில் தாமதம் என்று சொன்னதாகவும் சொன்னாள். பின்னால் ஒரு குழந்தை தன் பாஷையில் ஏதோ அதட்டிக்கொண்டிருந்தது. எங்கிட்ட வர மாட்டேங்கா, புது ஆளுன்னு பாக்கா, வந்துருவா என்றாள். அவள் குரல் அப்போதுதான் உடைந்தது.

சங்கரநயினார், கதவைத் தாண்டியாச்சா, வெளியே தரையில்தான் நிற்கிறாயா, வெயில் படுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றாள். வாசலுக்கு வந்து, பிச்சம்மாள் வீட்டுப் பக்கம் திரும்பி, வேல்ச்சாமி இறங்கிவிட்டானா என்று குரல் கொடுத்தார். அவரோடு இன்னும் பேச மனசில்லாத பிச்சம்மாள், இறங்கிவிட்டான் என்று தலையை மட்டும் ஆட்டினாள். அவர் அலமாரியிலிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்துத் தூசி ஊதி, பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"ஆவுடை, அங்க இப்ப மணி என்ன?"

"சாயங்காலம் அஞ்சு. முந்தின நா" என்றாள்.

இரண்டு மணியையும் பக்கம் பக்கமாக எழுதினார். போன் இன்னும் அறுந்துபோகவில்லை. "சரி, சேந்துட்டேன்" என்றாள் ஆவுடையம்மாள். "இனிப் பெருக்குங்க."

அவர் வாரியலை எடுத்து, நடுக்கூடத்து எலுமிச்சைக் கன்றை ஒட்டிய புழுதியை மட்டும் விட்டுவிட்டு, மூலையிலிருந்து ஆரம்பித்தார்.